ஐந்து கோடி வோன் ஆக்டோபஸ்

எனக்கு நான்கு கடைவாய்ப் பற்கள் வேண்டும். இடப்பக்கம் மேலே இரண்டு, கீழே இரண்டு. வலப்பக்கம் எப்போதோ காலி, அதைப் பற்றிப் பேசி இனி ஆவது ஒன்றுமில்லை. நம்குங் டாக்டர் என் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்து, ஒரு பல் பன்னிரண்டு லட்சம் வோன் என்றார். நாலு பல் நாற்பத்தெட்டு. என் சீட்டுப் பணம் ஐம்பது. மீதி இரண்டு லட்சத்துக்கு மாட்டிறைச்சி வாங்கிப் புதுப் பல்லால் கடித்துத் தின்பதென்று முடிவு செய்திருந்தேன்.

அழகுக்காகக் கேட்கவில்லை. மொக்போ துறைமுகச் சந்தையில் கிம்ச்சி ஊறுகாய் விற்கிற தொகிமின் பல்லை, அதுவும் ஐம்பத்தெட்டு வயதில், யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் முள்ளங்கி கிம்ச்சி என்பது கடித்தால் நறுக்கென்று சத்தம் வர வேண்டிய பண்டம். ஊறியது போதுமா, இன்னும் ஒரு நாள் வேண்டுமா என்பதைப் பல்தான் சொல்லும். எனக்கோ இருந்த நாலும் ஆடிக்கொண்டிருந்தன. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்குப் பல் போனால் கடையே போச்சு.

எங்கள் சீட்டில் சந்தைப் பெண்கள் பத்துப் பேர். ஐந்து வருடம் கட்டி, ஆளுக்கு ஐம்பது லட்சம் சேர்த்து, அறுவடைத் திருநாளுக்குப் பிரித்துக்கொள்வதாக ஏற்பாடு. தலைவி கருவாட்டுக் கடை பில்சுன் அக்கா. தொலைக்காட்சியில் எதைப் பார்த்தாலும் மறுநாள் அது அவளே கண்டுபிடித்ததாகிவிடும்.

"பேங்க்ல போட்டா வட்டி நக்கிப் பாக்கக்கூடக் காணாது. வீடு வாங்கினா வரி. தங்கம் வாங்கினா திருடன். படம் வாங்கினா? பாத்துக்கிட்டே இருக்கலாம், விலை தானா ஏறும்" என்றாள்.

"எறங்காதா?" என்று கேட்டேன்.

"ஏறட்டும்னுதானேடி வாங்குறோம்? அப்புறம் அது ஏன் எறங்குது?"

பத்துப் பேரில் ஒருத்திக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை. அதையே சம்மதம் என்று வைத்துக்கொண்டார்கள்.

சோல் நகரத்தில் தாக் மேடம் என்றொரு படக்கடைக்காரி. அதிவேக ரயிலேறிப் போனோம். வெள்ளைச் சுவரில் ஒரே ஒரு படம். இரண்டு ஆள் அகலத்துக்கு மையால் தீட்டிய சேற்றுக்கடல். கீழே ஓரத்தில் ஒரு சின்ன ஆக்டோபஸ், பேருந்தைத் தவறவிட்ட ஆள் மாதிரி. கையெழுத்தைப் பார்த்தால் கூ போங்சில். எங்கள் ஊர்க்காரர்! எங்கள் சந்தைக்குப் பின்னாலிருக்கும் மேட்டில், எண்பத்தாறு படிக்கு மேலே குடியிருக்கும் கூ ஐயா!

"இவரு பேரு இனிமேதான் ஏறப் போகுது. இப்ப ஐந்து கோடி. திருநாளுக்கு நான் கண்காட்சி வைக்கிறேன், அப்ப எங்க போய் நிக்கும்னு நானே சொல்ல மாட்டேன்" என்றாள் தாக் மேடம்.

எண்பத்தாறு படி ஏறியிருந்தால் போதும். நாங்கள் நானூறு கிலோமீட்டர் போய் ஐந்து கோடி கொடுத்தோம். படத்தை வாங்கிவந்து பில்சுன் அக்காவின் கருவாட்டுக் குளிர் அறையில் வைத்தோம். வெப்பமும் ஈரமும் ஒரே அளவில் இருக்க வேண்டுமாம், ஊரில் அப்படிப்பட்ட இடம் அது ஒன்றுதான்.

வசந்தத்தில் தாக் மேடம் ஓவியரைப் பார்க்கிறேன் என்று ஊருக்கு வந்தாள். மதியச் சாப்பாட்டுக்குச் சந்தையில் எங்கள் சீட்டுக்காரி ஒருத்தியின் மீன் சூப் கடைக்குக் கூட்டிப்போனேன். உட்கார்ந்தவள் சுவரைப் பார்த்தாள். ஆக்டோபஸ் மூன்று. திரும்பினால் இரண்டு. கை கழுவப் போனவள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கை கழுவாமலே திரும்பி வந்தாள்.

"இதெல்லாம் அச்சா?"

"அச்சா? நல்லாக் கேட்டீங்க! எல்லாம் கூ ஐயா கையால போட்டது. சூப் குடிச்சிட்டுக் காசுக்குப் பதிலா ஒண்ணு போட்டுக் குடுப்பாரு. நாப்பது வருசமா இப்படித்தான்" என்றாள் சூப் கடைக்காரி பெருமையாக.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். முடிவெட்டும் கடையில்கூட ஒரு மூங்கில் படமாவது தொங்கும். எனக்கு அதில் விசேஷம் எதுவும் தெரிந்ததில்லை. தாக் மேடம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சந்தை முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி எண்ணினாள். நானூற்றுப் பதினேழு. ஐஸ் கடையில் ஒன்றைப் பெட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"அரிய பொருளுக்குத்தான் விலை. சூப்புக்குக் கெடைக்கிறதை எவன் கோடி குடுத்து வாங்குவான்?" அவளுடைய உதட்டுச் சாயம்கூட வெளுத்துவிட்டது. "இருக்கிறதை எல்லாம் கீழ எறக்கி உள்ள வைங்க. இனிமே ஒண்ணுகூட அந்த மனுசன் கையிலேர்ந்து வெளிய வரக் கூடாது. வந்துச்சு, உங்க படத்தால தரை தொடைக்க வேண்டியதுதான்."

அன்று சாயங்காலம் கருவாட்டுக் கடையில் அவசரக் கூட்டம். நோய் எங்கே என்று எளிதில் கண்டுபிடித்துவிட்டோம். கடையில் சாப்பிடுவதால்தானே படம் கொடுக்கிறார்? வீட்டிலேயே சாப்பிட வைத்துவிட்டால்? தொடுகறி என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும். எனக்கு அந்த வாயில் நல்ல பல்லும் இல்லை.

அவித்த கீரை, பொரித்த நெத்திலி, முள்ளங்கி கிம்ச்சி என்று மூன்று பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எண்பத்தாறு படி ஏறினேன். கூ ஐயாவுக்கு எழுபத்தாறு வயது, ஒல்லி உடம்பு, மை படிந்த நகங்கள். வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார். மறுநாள் பாத்திரங்களைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். மூடியைத் திறந்தால் ஒவ்வொன்றிலும் சுருட்டி வைத்த ஒரு ஆக்டோபஸ்.

"என்னய்யா இது?"

"பின்னே? வெறும் பாத்திரத்தையா திருப்பிக் குடுப்பாங்க? என்னை யாருன்னு நெனச்சே?"

எனக்கு என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற ஆள் இந்த ஊரில் பிறக்கவே இல்லை. இதை ஐம்பத்தெட்டு வருடமாக அறிந்தவள், பாத்திரம் நிறையக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். கடையில் ஒரு சூப்புக்கு ஒரு படம். நான் கொடுத்ததில் மூன்று பாத்திரத்துக்கு மூன்று.

அடுத்த முறை தூக்கிப்போடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துத் துணியில் கட்டிக் கொடுத்தேன். கட்டின துணி திரும்பி வந்தது, நடுவில் ஆக்டோபஸ்ஸோடு. தைத்த முனைகளைத் தொடாமல் கால்களை எவ்வளவு நேர்த்தியாக வளைத்திருந்தார் தெரியுமா? ஆத்திரத்திலும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பில்சுன் அக்கா உறையில் பணம் வைத்து நீட்டினாள். "சும்மா பணம் வாங்க நான் என்ன மந்திரியா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உறை வீணாகக் கூடாதே என்று அதன் பின்பக்கத்தில் ஒன்று. மைக்கட்டியை யாரோ எடுத்து ஒளித்தார்கள். நான் கொடுத்த சோயா குழம்பைத் தொட்டே வரைந்தார்.

பாத்திரத்தில் வைத்துத் திருப்ப அவரிடம் வேறு பொருள் இல்லாததுதான் கோளாறு என்று எனக்குப் பட்டது. ஒரு மூட்டை உருளைக்கிழங்கைச் சுமந்துபோய்ப் போட்டேன். "இனிமே பாத்திரத்துல ரெண்டு கெழங்கு வச்சுக் குடுங்க, போதும்."

அப்படியே செய்தார். நாலு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் மூட்டைக்குப் பதில் மரியாதையாக, கதவகலத்துக்கு ஒரு ஆக்டோபஸ் வந்து சேர்ந்தது. மூட்டை பெரியதல்லவா, படமும் அதற்குத் தக்கபடி.

"எல்லாத்தையும் நாம குடுக்குறதாலதானேடி அந்தாளு திருப்பிக் குடுக்குறாரு? அவரா சம்பாதிச்சிட்டா? கடனே இல்லாம போயிரும்ல?" என்றாள் பில்சுன் அக்கா. அன்று அவள் தலையைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தது என்று சூப் கடைக்காரி இன்றும் சொல்கிறாள்.

காசு வைத்துப் பூ அட்டை ஆடுவதென்றால் கூ ஐயாவுக்கு உயிர். நாளுக்கு மூன்று பேராக முறை வைத்து ஆடப் போனோம். தோற்பது எங்கள் வேலை. அது லேசுப்பட்டதில்லை. அவர் தோற்பதில் எங்களைவிடக் கெட்டிக்காரர். நிலவு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடுகிற மனிதர். அவருக்கு முன்னால் தோற்க வேண்டுமென்றால் மூளையைக் கழற்றி வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போக வேண்டும். நாங்கள் கற்றுக்கொண்டோம்.

"ஜெயிச்ச காசு கடன் இல்ல. அது புத்திக்குக் கெடச்ச கூலி" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். நாற்பது வருடத்தில் முதல்முறையாகச் சூப் கடையில் காசை எடுத்து வைத்தார். வாரக்கணக்கில் ஒரு ஆக்டோபஸ்கூட வெளியே வரவில்லை. மழைக்காலத்தில் தாக் மேடம் கூப்பிட்டாள். ஒருவர் ஏழு கோடிக்குக் கேட்கிறாராம், அவசரப்படாதீர்கள், எட்டு வரும் என்றாள்.

அன்றே நம்குங் டாக்டரிடம் போய் ஆடிக்கொண்டிருந்த நாலையும் பிடுங்கிக்கொண்டேன். குழி ஆறுவதற்கு மூன்று மாதம், சரியாகத் திருநாள் கணக்கு. அதுவரை பூசணிக் கஞ்சி. கிம்ச்சியைக் கடித்துப் பார்க்க முடியாமல் விரலால் அமுக்கிப் பார்த்து விற்றேன். "இந்த முள்ளங்கிக்கு என்ன வந்துச்சு, பஞ்சு மாதிரி இருக்கு?" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி சொல்லாமலே அடுத்த கடைக்குப் போனாள். மூன்று மாதம்தானே என்று பொறுத்துக்கொண்டேன். எட்டுக் கோடி என்றால் என் பங்கு எண்பது லட்சம். வலப்பக்கத்துக்கும் பல் கட்டலாம்! கண்ணாடியில் பொக்கை வாயைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

திருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மறுபடி தாக் மேடம். பில்சுன் அக்கா எல்லோரும் கேட்கும்படி போனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"கண்காட்சிக்கு முப்பது புதுப் படம் அனுப்பச் சொல்லுங்க."

"படமா? நீங்கதானே வரையக் கூடாதுன்னீங்க?"

"ஊருக்கெல்லாம் குடுக்கக் கூடாதுன்னேன். வரையக் கூடாதுன்னு எப்ப சொன்னேன்? வரைஞ்சதை அடுக்கி வச்சிருப்பாருன்னு நெனச்சேன். எத்தனை இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒத்தைப் படத்தை வச்சு நான் என்னத்தக் கண்காட்சி நடத்துறது? புதுசு வராத ஓவியரை எவன் சீந்துவான்? அந்த ஏழு கோடி ஆளு இப்ப நண்டு வரையறவரு பக்கம் போயிட்டாரு. அவரு மாசம் இருபது நண்டு போடுறாரு."

"அரிய பொருளுக்குத்தான் விலைன்னீங்களே மேடம்" என்று நான் கஞ்சி வாயால் கத்தினேன்.

"அரிதா இருக்கணும்மா. இல்லாமலே போயிரக் கூடாது" என்று வைத்துவிட்டாள்.

வகை வகையாகச் சமைத்துத் தூக்கிக்கொண்டு மேடேறினேன். முப்பது பாத்திரம் கொடுத்தால் முப்பது படம், நமக்குத் தெரியாத கணக்கா? கூ ஐயா வெயிலில் உட்கார்ந்து தனியாக அட்டையை அடுக்கிக்கொண்டிருந்தார். உடம்பு தேறியிருந்தது. நகத்தில் மை இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தைக் கழுவினார். பையிலிருந்து பத்தாயிரம் வோன் நோட்டை எடுத்து மடித்து உள்ளே வைத்து மூடி நீட்டினார்.

"காசு வேணாம்யா. படம் ஒண்ணு போட்டுக் குடுங்க. எப்பவும் போல."

"வரலையேம்மா." கையை விரித்துக் காட்டினார். "காலையில எந்திரிச்சா, இன்னாருக்கு இன்னைக்கு ஒண்ணு குடுக்கணும்னு இருக்கும். அந்த ஆளு மூஞ்சி ஞாபகம் வரும், கை தானா ஓடும். இப்ப யாருக்கும் நான் பாக்கி இல்ல. யாருக்குன்னு வரையுறது? ரெண்டு தடவை உக்காந்து பாத்தேன். காகிதம்தான் வீணாச்சு."

என் முகத்தைப் பார்த்து, "ஏன், உனக்கு என்ன ஆச்சு? வாய் ஏன் உள்ள போயிருக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. சீட்டு, ஐந்து கோடி, வேண்டுமென்றே தோற்ற ஆட்டங்கள், பிடுங்கிய நாலு பல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஆட்டத்தில் தோற்றோம் என்பதற்கு மட்டும் முகம் சுருங்கியது. அதை அவர் நம்பவில்லை.

"பல்லுக்கா இவ்வளவு? நம்குங்தானே? எனக்கும் அவன்தான் ரெண்டு கட்டினான். காசா குடுத்தேன்? ஒரு படம் குடுத்தேன். கொஞ்சம் பெரிசு. சேறும், ஒரு ஓரத்துல..."

"ஓரத்துல ஒரு ஆக்டோபஸ்ஸா?"

"ஆமா! நீ எப்படிப் பாத்தே?"

நான் எண்பத்தாறு படியிலும் அழுதுகொண்டே இறங்கினேன். ஒரு பாத்திரம் கொடுத்துக் கேட்டிருந்தால் போன வருடமே ஒரு பெரிய படம் போட்டிருப்பார், அதை டாக்டரிடம் கொடுத்து நானும் வாய் நிறையப் பல்லோடு திரிந்திருப்பேன். அந்தக் கையை நானேதான் நிறுத்தினேன். சோறு போட்டு, கிழங்கு போட்டு, தோற்று நிறுத்தினேன்.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? பத்துப் பேரும் படத்தைத் தூக்கிக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கருவாட்டு வாடை தாங்காமல், காத்திருந்த நோயாளிகள் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

"அட, நம்ம படம்!" என்றார் நம்குங் டாக்டர். "இதை அந்தச் சோல் அம்மாவுக்கு முப்பது லட்சத்துக்குக் குடுத்தேன். பேரமே பேசல, புண்ணியவதி."

பில்சுன் அக்கா படத்தைத் தூக்கி அவர் மேசைமேல் சாத்தினாள். பிறகு, "இப்ப என்ன தருவீங்க?" என்று கேட்டாள்.

"காசுன்னா பொண்டாட்டியக் கேக்கணும். பல்லுன்னா நானே முடிவு பண்ணலாம். ரெண்டு பல்லுக்கு வாங்கினேன், அதே ரெண்டு பல்லு தரேன். மாட்டியிருந்த ஆணிகூடச் செவுத்துல அப்படியேதான் இருக்கு."

விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். காத்திருப்பு அறையிலேயே கூட்டம் போட்டோம். இரண்டு பல், பத்து வாய். சூப் கடைக்காரி தன் அண்ணி வாய்க்குக் கேட்டுப் பார்த்தாள். கடைசியில் குழி தயாராக இருப்பது எனக்கு மட்டும்தான் என்பதால், எட்டுக்கு இரண்டு ஓட்டில் தீர்மானம் ஆனது. ஓட்டு முடிந்ததும் பில்சுன் அக்கா விரலைத் தூக்கினாள்.

"தொகிம் வாயில இருக்கும், அவ்வளவுதான். பல்லு பத்துப் பேருக்கும் சொந்தம். ஆளுக்கு அஞ்சுல ஒரு பங்கு பல்லு."

எழுதி முத்திரை குத்திக் கையொப்பமிட்டோம். மேலே ஒன்று, கீழே ஒன்று, ஒன்றுக்கொன்று எதிராக வைத்தார் டாக்டர். கடைக்கு வந்து நான் முதலில் கடித்தது என் முள்ளங்கியைத்தான். நறுக்கென்று சத்தம் கேட்டது. மூன்று மாதமாக விற்ற சரக்கு எவ்வளவு கேவலம் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கடையைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன், புதிதாக ஊறப்போட்டேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம். பிறகு பங்குதாரர்கள் வர ஆரம்பித்தார்கள். சூப் கடைக்காரி ஒரு துண்டு மீனோடு வருவாள்: "என் பங்கால கடிச்சுப் பாருடி, வெந்திருக்கா?" காய்கறிக்காரி வெள்ளரிக்காய் நீட்டுவாள். கொட்டை, மிட்டாய், காய்ந்த கணவாய் மூன்றும் எனக்குத் தடை, பொதுச் சொத்தாம். மாதம் முதல் தேதி பில்சுன் அக்கா டார்ச் அடித்துப் பார்த்துப் படம் எடுத்துக் குழுவில் போடுகிறாள். ஒன்பது பேரும் கட்டைவிரல் உயர்த்துகிறார்கள்.

போன மாதம் நம்குங் டாக்டர் கட்டணத்தை ஏற்றினார். ஒரு பல் பதினான்கு லட்சம். பில்சுன் அக்கா கடைக்கு ஓடிவந்து என் தாடையைப் பிடித்துத் தூக்கினாள்.

"பாத்தியா! ஆறே மாசத்துல நாலு லட்சம் ஏறிருச்சு! நான் சொன்னேன்ல? வாயை மூடு, காத்துப் படப்போகுது."

மூடிக்கொண்டேன். உள்ளே நாக்கால் இரண்டையும் தடவிப் பார்த்தேன். அதில் ஐந்தில் ஒரு பங்கு பல் என்னுடையது. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.